செவியின் விசுவாசம்

கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலய மணியை அருகே நின்று கேட்ட சிறுவனுக்கு, வானொலிப் பெட்டியில் எழும் மணியோசை குறைபட்டதாகவே தோன்றும். மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை உணரவல்லது. 1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலியின் மத்திய அலையோ ஏறத்தாழ 5,000க்கு மேற்பட்டவற்றைப் பெரும்பாலும் இழந்துவிடுவது. இழந்ததைக் கேட்கும் ஏக்கமே, வாழ்நாள் முழுதும் தொடரும் ‘ஹை-ஃபை’ ஈடுபாட்டின் பிறப்பிடம்.

கிடைத்த ஒலியில் நிறைவு காண்பதே அறம் என்பாரும் உளர். உண்மையை முழுமையாக நாடுதல் பேராசையாகாது. ஆயினும், ‘உயர் விசுவாசம்’ என்பதே அச்சொல்லின் பொருளாதலின், அவ்விசுவாசம் யாருக்கு உரியது என்னும் வினா எழுகின்றது. பாடுவோனுக்கு உரியதைக் கருவிக்கு அளித்தவன், குறைகளைக் கேட்கின்றான், பாட்டைக் கேட்பதில்லை.