இறங்கத் தெரிந்த கம்பம்

பூச்சாட்டிய ஊரில் கம்பம் நடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, மாரியம்மனுக்கு எதிரே ஊன்றுவார்கள். பெண்கள் குடம் குடமாக நீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். இரவில் இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். நோம்பி என்கிற அந்தத் திருவிழா முடிகிற வரை ஊரே அந்த ஒற்றை மரத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும். முடிந்ததும் அதே ஊர் அதைப் பிடுங்கி, மேளதாளத்தோடு கொண்டுபோய் நீரில் விட்டுவிடும். மஞ்சள் நீர் காய்ந்த பிறகு அந்த இடம் வெற்றிடமாகிவிடும். பிள்ளைகள் வந்து விளையாடத் தொடங்குவார்கள்.

நம் சத்தியமங்கலத்தில் கம்பம் என்ற அதே சொல் இன்னொன்றையும் குறிக்கும். நாற்சந்திகளில், பேருந்து நிற்கும் இடங்களில், அலுவலகச் சுவரோரங்களில் சிமெண்டு பீடத்தின்மேல் நிற்கும் கட்சிக் கம்பம் அது. சங்கக் கம்பம், சமூகக் கம்பம். பீடத்தில் பெயர்ப் பலகை இருக்கும். வெயிலில் வெளுத்துப்போன துணி மேலே தொங்கும். ஏற்றிய நாளில் கூட்டமும் மாலையும் இருந்திருக்கும். இறக்குவதற்கு மட்டும் ஒரு நாள் குறிக்கப்பட்டதில்லை. தமிழ்நாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் இதே காட்சிதான். 2025 ஜனவரி 27 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி இளந்திரையன், பொது இடங்களில் கட்சிகளும் சாதி, மத அமைப்புகளும் நிரந்தரமாக நட்ட கம்பங்களைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் அகற்ற உத்தரவிட்டார். மார்ச் மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. அதன் பிறகும் வழக்காடல் ஓயவில்லை. சட்டத்தின் வேலையைச் சட்டத்துக்கே விட்டுவிடுவோம். நம் முன் இருப்பது வேறொரு கேள்வி: எல்லாருக்கும் உரிய மண்ணில் ஒரு கொடியை ஊன்றும்போது, அந்த மண்ணுக்கு என்ன நேர்கிறது?

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடந்தால் கர்நாடகத்தின் சாமராஜநகர். அதற்கும் அப்பால் மாண்டியா மாவட்டம். அங்கே கெரகோடு என்ற ஊரில், ஊராரும் சுற்றுக் கிராமத்தாரும் பணம் சேர்த்து அரசு நிலத்தில் 108 அடி உயரக் கம்பம் ஒன்றை நட்டார்கள். 2024 ஜனவரியில் அதில் அனுமன் கொடி ஏறியது. தேசியக்கொடிக்கென்று அனுமதி பெற்ற கம்பத்தில் வேறு கொடி ஏறக் கூடாது என்று அரசு சொன்னது. எங்கள் பணம், எங்கள் சாமி என்று ஊரார் சொன்னார்கள். ஜனவரி 28 அன்று அதிகாரிகள் அனுமன் கொடியை இறக்கினார்கள். மறியல் நடந்தது, தடியடி நடந்தது. காவல்துறையின் பாதுகாப்போடு மூவண்ணக்கொடி மேலே போனது. இரு தரப்பின் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. ஆனாலும் நம்மை உறுத்துவது வேறு. அனுமனை அந்த ஊரில் யாரும் வெறுக்கவில்லை; மூவண்ணத்தையும் யாரும் வெறுக்கவில்லை. இரண்டையும் வணங்குகிற ஒரே ஊர், ஒரு கம்பத்தின் உச்சியை முன்னிட்டு அரசோடு மோதி நின்றது.

பூமியின் மறுபக்கத்திலும் இப்படி ஒரு கம்பம் இருந்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியாவில், சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் 1961இல் ஒரு கொடியை ஏற்றினார்கள். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்கள், உள்நாட்டுப் போரில் ஏந்திய கொடி அது. போரின் நூற்றாண்டு நினைவுக்கு என்றார்கள். நூற்றாண்டு விழா முடிந்தும் கொடி இறங்கவில்லை. நெடுங்காலப் போராட்டங்களுக்குப் பிறகு 2000ஆம் ஆண்டில் உச்சியிலிருந்து இறக்கி, அதே வளாகத்துப் போர்வீரர் நினைவுச் சின்னத்தருகே நட்டார்கள். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயமொன்றில் வேதம் படித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்கள் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இன வெறியன் சுட்டுக் கொன்றான். துக்கத்தில் நாட்டுக் கொடியும் மாநிலக் கொடியும் பாதிக் கம்பத்துக்குத் தாழ்ந்தன. இந்தக் கொடி மட்டும் உச்சியிலேயே நின்றது. சட்டமன்றம் கூடி முடிவெடுக்காமல் அதைத் தொடக் கூடாது என்பது சட்டம். பத்து நாள் கழித்து ப்ரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தின்மேல் ஏறி அதைக் கழற்றினார். அவரைக் கைது செய்தார்கள், சிறிது நேரத்தில் அதே கொடி மீண்டும் ஏறியது. சட்டமன்றம் விவாதித்து ஒப்பிய பிறகு, ஜூலை 10 அன்று அதை இறக்கினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற ஒரு கொடியின் முழு இயல்பையும் அந்தத் துக்க நாள்கள் காட்டிவிட்டன: ஒன்பது பிணங்களுக்கு முன்னால் தலை தாழ்த்த அந்தக் கம்பத்தால் முடியவில்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய ஒரு காயம் இலங்கையில் இருக்கிறது. அந்நாட்டின் கொடியை வடிவமைக்க அமைந்த குழுவில் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே இரு பட்டைகளைச் சேர்த்தார்கள். ஆரஞ்சு தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. குழுவிலிருந்த செனட்டர் நடேசன் அதற்கு ஒப்பவில்லை. நமக்கும் இடம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். கட்டத்துக்கு வெளியேதான் இடமா என்றும் கேட்கலாம். 1957 பெப்ரவரி 4, சுதந்திர நாளன்று திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு நாட்டின் கொடியில் கட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அதே நாட்டின் கம்பத்தில் துக்கத்தை ஏற்றப் போவார்கள் என்பதை அந்த நாள் எழுதி வைத்தது.

கொடி என்றால் நம் கொங்கு மண்ணுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் குமரன்தான். சென்னிமலையில் 1904இல் பிறந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. காந்தி கைதான சில நாளில், 1932 ஜனவரி 10 அன்று, திருப்பூர்த் தெருவில் தடை மீறிச் சென்ற சிறிய ஊர்வலத்தில் அவர் நடந்தார். தடியடி விழுந்தது. மண்டை உடைந்து சாய்ந்தபோதும் கையிலிருந்த கொடியை அவர் விடவில்லை என்பதே ஊர் இன்றுவரை சொல்லிவருவது. மறுநாள் இறந்தார். வயது இருபத்தேழு. இன்று அரசு அலுவலகங்களில் பறக்கிற கொடியின் முன்னோடி அது. அன்று அதை ஏந்தினாலே தடி விழும். அதே மாதம் 26ஆம் நாள் ஆரிய பாஷ்யம் என்ற விடுதலைப் போராளி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கம்பத்தில் இரவோடிரவாக ஏறி ஆங்கிலேயர் கொடியின் இடத்தில் அந்தக் கொடியைக் கட்டினார். விடிந்ததும் அதை அவிழ்த்துவிட்டார்கள். விடிந்தால் அவிழ்த்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் அவர் ஏறியிருக்க வேண்டும்.

1932இல் ஒரு கொடியைப் பறிக்கத் தடி ஓங்கியது. 2024இல் அதன் வழிவந்த கொடியை ஏற்றுவதற்குத் தடி துணை நின்றது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே நம் சிந்தனை சற்று நின்றாக வேண்டும்.

கையில் ஏந்திய கொடி ஒன்று. மண்ணில் ஊன்றிய கொடி ஒன்று. ஏந்தியவன் அதன் விலையைத் தானே கொடுக்கிறான். கை வலித்தால் இறக்கிவிடலாம், அடி விழுந்தால் அவன்மேல்தான் விழும், அவன் நடந்துபோன பிறகு தெரு மீண்டும் எல்லாருடைய தெருவாகிவிடும். ஊன்றிய கொடியைத் தாங்கும் வேலை சிமெண்டுக்கு. அதற்குக் கை வலிப்பதில்லை. ஊன்றியவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். கம்பம் மட்டும் அந்த வழியே போகிற ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இரவும் பகலும், 'இந்த இடம் எங்களுடையது' என்று சொல்லிக்கொண்டே நிற்கிறது. ஒருவன் தன் நம்பிக்கைக்காகத் தன்னை ஒப்புக்கொடுக்கும்போது அது தியாகம். அதே நம்பிக்கைக்காகப் பிறருடைய இடத்தை எடுத்துக்கொள்ளும்போது, நம்பிக்கை எவ்வளவு தூயதாக இருந்தாலும், அது ஆக்கிரமிப்பு.

அப்படியானால் அரசு மண்ணில் தேசியக்கொடி நிற்பதும் தவறாகுமா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். தன் இடத்தில் நாட்டுக்கொடியைப் பறக்கவிடுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்று 2004இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அரசு வளாகத்தில் அது நிற்பதற்கான நியாயம், அதைச் சுற்றி நாம் கட்டிய ஒழுக்கத்தில் இருக்கிறது. விடியலில் ஏற்றி அந்தியில் இறக்குவதே நெடுங்காலம் அதன் மரபாக இருந்தது. பெருந்துயரம் நேர்ந்தால் அது பாதிக் கம்பத்தில் நிற்கும். கிழிந்துபோனால் மரியாதையோடு அதற்கு விடை கொடுக்க வேண்டும். தாழ்வதற்கு இத்தனை விதி வகுத்த பிறகே உயர்வதற்கு அதற்கு உரிமை கொடுத்தோம். கோயில்களிலும் கொடியேற்றத்துக்கு ஒரு நாள் என்றால் கொடியிறக்கத்துக்கும் ஒரு நாள் உண்டு. உச்சிக்குப் போன எதுவும் இறங்கி வந்தாக வேண்டும் என்ற அறிவு நம் முன்னோர் விழாக்களில் ஒரு சடங்காகவே பதிந்திருக்கிறது. கட்சிப் பீடங்களைக் கட்டிய தலைமுறையில்தான் அதை மறந்தோம்.

இந்த மறதிக்கு அடியில் இன்னொரு மறதி கிடக்கிறது. அரசு நிலத்துக்கு நம் வழக்கில் புறம்போக்கு என்று பெயர். வரிக் கணக்குக்குப் புறத்தே நின்ற நிலம். யார் பேரிலும் பட்டா இல்லாத நிலம். மேய்ச்சலும் மந்தையும் குளக்கரையும் வழிப்பாதையும் அதில்தான் இருந்தன. ஒருவருக்கும் சொந்தமில்லை என்பதாலேயே ஊர் முழுவதும் அதில் கால் வைக்க முடிந்தது. அந்தச் சொல்லை இன்று வசையாக்கிவிட்டோம். உதவாக்கரை மனிதனைப் புறம்போக்கு என்கிறோம். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று கேவலமானது என்று எண்ணப் பழகியபோதே, பொது என்ற சொல்லின் உயிர் நம் கையைவிட்டு நழுவத் தொடங்கியது. ஊரார் கூடும் இடத்தைப் பழந்தமிழ் பொதியில் என்றது. பொதுவான இல்லம் என்று பொருள். அம்பலம் என்றது, மன்று என்றது. தில்லைக் கோயிலில் திரையை விலக்கினால் வெளியைத்தான் காட்டுகிறார்கள். அதையே ரகசியம் என்கிறார்கள். ஊருக்குப் பொதுவான மன்றத்துக்கும் இறைவன் ஆடும் மன்றத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழி, வெட்டவெளி என்பது எதுவும் இல்லாத இடமன்று, எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பது என்பதை அறிந்திருந்தது.

பானையில் சோறு நிற்பது அதன் வெற்றிடத்தில்தான். அரசு என்ற அமைப்பும், அதன் மண்ணும், அதன் கம்பமும், நம்பிக்கையாலும் மொழியாலும் குலத்தாலும் கட்சியாலும் வேறுபட்ட நாம் அத்தனை பேரும் ஒருவரையொருவர் அஞ்சாமல் வந்து நிற்பதற்கென்று சேர்ந்து காத்துவைத்த வெற்றிடமே என்றால், அதை நிரப்பத் துடிக்கிற ஒவ்வொரு கையும், அது பக்தியின் கையாக இருந்தாலும் கொள்கையின் கையாக இருந்தாலும் பெரும்பான்மையின் கையாக இருந்தாலும், தான் நிற்பதற்கும் இடம் தந்த அந்த வெளியைத்தான் சுருக்குகிறது; இன்று நம் கொடி ஏறியதற்காக நாம் கைதட்டும்போது, நாளை வேறொருவர் கொடி ஏறுகையில் ஒதுங்கி நிற்கப்போகும் நம் பிள்ளைகளின் இடத்தையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறோம். எதிரியின் கொடி இறங்க வேண்டும் என்று கேட்பது எளிது. நம் கொடியை நாமே இறக்கி, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வருவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

கொடியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் கையில் ஏந்துவோம். நடப்போம், கூவுவோம், வேண்டுமானால் அடியும் வாங்குவோம். குமரன் காட்டிய வழி அது. அவர் எந்தப் பீடமும் கட்டவில்லை. நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கிப் போகும் ஊரில் அம்மன் குறைந்துபோய்விடவில்லை. அடுத்த ஆண்டு பூச்சாட்டும்போது அதே இடத்தில் மீண்டும் குழி தோண்டுகிறார்கள். இனி பொது மண்ணில் ஒரு கம்பம் நடப் போகுமுன், குழி தோண்டுகிறவரிடம் ஒன்று மட்டும் கேட்போம்: இதைப் பிடுங்கும் நாள் எது?