எருக்கின் மேல் என்ன பழி?

தாம்பரத்திலிருந்து தெற்கே இரயிலில் செல்வோர், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்துத் தண்டவாள ஓரங்களில் எருக்கஞ்செடியைக் கண்டிருப்பர். யாரும் நட்டதில்லை; யாரும் நீர் ஊற்றியதுமில்லை. வெண்மை படர்ந்த தடித்த இலைகள். மெழுகில் வார்த்தாற்போன்ற ஐந்திதழ் மலர். அதன் நடுவே சிறு மகுடம். கிள்ளினால் பால் வடியும். அது நஞ்சு, கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஒரு குடி அழியவேண்டுமென்று சபிப்போர், அவ்வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்பர்.

கல்லறைத் திருநாளை முன்னிட்டு எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்தபோது, தென்மாவட்டத்திலிருந்து வந்து குடியேறிய மூதாட்டி ஒருவர் என்னிடம், "சாமி, அந்த எருக்கை வேரோட பிடுங்கச் சொல்லுங்க. எங்க பக்கம் அது எத்தனை பொம்பளைப் பிள்ளைகளைத் தின்னுருக்கு!" என்றார்.

அவர் கூறியது பொய்யன்று. பெண் சிசுக்களுக்கு எருக்கம்பால் புகட்டிய கொடுமை நம் தமிழகத்தில் நிகழ்ந்ததே. அதைத் தடுக்கவே 1992-ஆம் ஆண்டு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் தின்றது எருக்கா?

செடிக்கு அந்தப் பால் ஒரு கவசம். மேயவரும் விலங்கைத் தடுக்க அதற்கு வேறு வழியில்லை. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அவ்விலையையே தின்று, அந்நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொண்டு, பறவைகளிடமிருந்து தப்புகிறது. இறைவன் தாம் படைத்தவை அனைத்தும் நல்லவை எனக் கண்டார் என்கிறது தொடக்கநூல். தீமை தனியொரு பொருளன்று, நன்மையின் குறைவே என்றார் புனித அகுஸ்தீனார். அக்குறை செடியில் இல்லை; பாலைச் சங்கில் ஊற்றிய கையிலும், அதற்குப் பின்னால் வரதட்சணைக் கணக்குப் பார்த்த நெஞ்சிலும் இருந்தது. அந்நெஞ்சு மாறாததால்தான் எருக்கின் இடத்திற்குக் கருவறையைக் காட்டும் கருவி வந்தது; பாலினம் அறிவதைத் தடைசெய்ய 1994-இல் சட்டமும் வேண்டியிருந்தது.

எளிய எருக்கம்பூவைச் சூட்டினாலும் கடவுள் வேண்டாமென்னார் என்று புறநானூற்றில் பாடியவர் கபிலர். நாமோ இறைவன் தந்த மகளையே வேண்டாமென்றோம்.

மூதாட்டியின் துயரை மதித்து அந்த ஒரு செடியை எடுக்கச் சொன்னேன். அன்று மாலை ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண் எனக் கேட்டதும், என்னை அறியாமலே "அடடா" என்றேன். சொன்ன மறுகணமே நாணினேன். கல்லறைத் தோட்டத்தில் பிடுங்கிய வேர் என்னுள் அப்படியே இருந்தது.

அன்பர்களே, நம் இல்லங்களில் அந்த "அடடா" இன்னும் ஒலிக்கிறதா?