போகிறபோக்கில் ஒரு சந்தேகம்

உளவுக் கதை என்றால் துரத்தலும் துப்பாக்கிச் சூடும்தான் என்று நினைப்பவர்கள் 'தி அமெரிக்கன்ஸ்' தொடரின் கடைசி அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். 2018 மே 30-ல் ஒளிபரப்பானது. அதன் உச்சக்கட்டத்தில் நான்கு பேர் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. பார்க்கிற நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

கதை நடப்பது 1980-களின் வாஷிங்டன் புறநகரில். டிராவல் ஏஜென்சி நடத்தும் பிலிப், எலிசபெத் தம்பதி உண்மையில் கே.ஜி.பி. அனுப்பிய ரஷ்யர்கள். எதிர்வீட்டுக்குக் குடிவரும் ஸ்டானோ எஃப்.பி.ஐ.யில் உளவாளிகளைப் பிடிக்கிறவர். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். இப்படி அமெரிக்கர்களாக வேஷம் போட்டுக் குடும்பம் நடத்தியவர்கள் உள்பட 10 பேர் 2010-ல் பிடிபட்டு, வியன்னாவில் கைதிப் பரிமாற்றம் நடந்தது. தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க்கும் சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர்தான்.

முதல் அத்தியாயத்திலேயே ஸ்டானுக்கு ஒரு சந்தேகம் தட்டுகிறது. ராத்திரியில் பிலிப்பின் கராஜுக்குள் நுழைந்து கார் டிக்கியைத் திறந்து பார்க்கிறார். ஒன்றுமில்லை. இருட்டில் பிலிப் துப்பாக்கியோடு நிற்பது அவருக்குத் தெரியாது. அதன்பின் வருஷக்கணக்கில் இருவரும் சேர்ந்து பீர் குடிக்கிறார்கள், ராக்கெட்பால் ஆடுகிறார்கள், வீட்டுக் கவலைகளைப் பேசிக்கொள்கிறார்கள்.

கடைசியில் பிலிப்பும் எலிசபெத்தும் மகள் பெய்ஜைக் கூட்டிக்கொண்டு தப்பியோடும்போது, ஸ்டான் துப்பாக்கியோடு குறுக்கே வந்து நிற்கிறார். முதலில் வழக்கம்போலச் சமாளித்துப் பார்க்கிறார்கள். பலிக்கவில்லை. பிறகு பிலிப் உடைந்து உண்மையைச் சொல்லத் தொடங்குகிறார். வேலை இப்படி, வாழ்க்கை அப்படி, நீதான் எனக்கு இருந்த ஒரே நண்பன் என்கிறார். கேட்கும்போது நெஞ்சு இளகுகிறது. ஆனால் ஆட்களைக் கொன்றீர்களா என்ற கேள்விக்கு மட்டும் இல்லை என்றே சாதிக்கிறார்கள். கொன்றிருக்கிறார்கள், நாம்தான் பார்த்தோமே! ஒரே மூச்சில் மெய்யும் வருகிறது, பொய்யும் வருகிறது. பிலிப்பாக நடித்த மாத்யூ ரீஸுக்கு அந்த வருஷம் எம்மி விருது கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

ஸ்டான் வழிவிட்டு நிற்கிறார். கிளம்பும் நேரத்தில் பிலிப் ஒன்று சொல்கிறார்: உன் மனைவி ரெனீயும் எங்கள் ஆளாக இருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது.

என்னைக் கேட்டால் அத்தனை சீசன்களிலும் கொடூரமான இடம் இதுதான். ரெனீ யார் என்பதைத் தொடர் கடைசிவரை சொல்லாமலே விட்டுவிடுகிறது. எஃப்.பி.ஐ.யில் வேலைக்குச் சேர அவள் ஆசைப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஒருவேளை அவள் வெறும் ரெனீயாகவே இருந்தால்? ஸ்டான் இனி ஒவ்வொரு நாளும் அவள் நீட்டும் காபியை வாங்கும்போது முகத்தைப் பார்ப்பார். கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

சொல்லாமல் போயிருக்கலாமே என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசாமல் போயிருந்தால் பிலிப் கடைசி நிமிஷம்வரை வேலைக்காரனாகவே இருந்திருப்பார். தன் இயக்கத்தின் ஆளைக் காப்பாற்றியதாகத்தான் அது முடியும். வாயைத் திறந்த அந்த ஒரு விநாடிதான், கே.ஜி.பி.க்கு எந்த லாபமும் இல்லாமல் அவர் ஸ்டானுக்காகச் செய்தது. அந்த நட்புக்கு ஆன செலவை ஸ்டான்தான் கட்ட வேண்டியிருக்கிறது, அதுவும் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே.