அலையோசை வலப்பக்கம்

வீட்டில் ஒருவருக்குப் பார்வை மங்கத் தொடங்கினால், பல குடும்பங்களில் முதலில் நின்றுபோவது கடற்கரை நடைதான். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப் போவார்கள். பீச்சுக்கு என்றால் மட்டும், "அங்கே அவருக்கு என்ன தெரியப்போகிறது, விழுந்து வைத்தால் யார் பார்ப்பது" என்று பேச்சு முடிந்துவிடும். ஆனால் சென்னை போன்ற ஊரில் அவரால் ஓரளவு நிம்மதியாக நடக்க முடிகிற இடங்களில் கடற்கரையும் ஒன்று.

என்ன தெரியும் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். குறைபார்வை என்பது இருட்டு அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு அளவு சொல்கிறது: கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 6/18-ஐத் தாண்டாமல், 3/60 வரை இருப்பது, அல்லது பார்வைப் பரப்பு 40 பாகைக்குள் சுருங்கி, 10 பாகை வரை இருப்பது. 6/18 என்றால், மற்றவர் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்து படிக்க வேண்டும். கிளாக்கோமா முற்றியவருக்குப் பக்கவாட்டுப் பார்வை போயிருக்கும். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவருக்கு எதிரே நிற்பவரின் முகம் கலங்கலாகத் தெரியும். ஆனால் நுரையின் நீண்ட வெள்ளைக் கோடும், படகின் பக்கவாட்டில் அடித்த சிவப்பும் நீலமும் தெரியலாம். பெரிதாகவும் நிறம் பிரிந்தும் இருப்பவைதான் அவருக்கு எளிது. கடற்கரையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. மீதியைக் காதும் காலும் பார்த்துக்கொள்ளும். மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலைப் பக்கம் நடந்தால் அலையோசை வலப்பக்கமே கேட்கும். ஈர மணல் பாதத்துக்குக் கெட்டியாக இருக்கும், உலர்ந்த மணல் புதையும். நம் நடைபாதைகளில் எது இவ்வளவு தெளிவாக வழி சொல்கிறது?

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. நாம் பயப்படுகிற இடத்தில் அதிகம் இல்லை, அவ்வளவுதான். வெட்டவெளி மணலில் தடுமாறினாலும் பெரிய அடி படாது. ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும் சிமென்ட் படிகள்தான் மோசம். ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அவருக்குப் பிரியாது. நொச்சிக்குப்பம் பக்கம் போனால், படகைக் கட்டிய கயிறு மணலின் நிறத்திலேயே கணுக்கால் உயரத்தில் குறுக்கே ஓடும். இன்னொரு தொல்லை, தண்ணீருக்குப் போய்ச் சேர்வது. துறைமுகச் சுவர்கள் கட்டிய பிறகு மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றுவிட்டது. அந்த மணலைக் கடக்க, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்தார்கள்; அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது, பிறகு சீரமைத்தார்கள். சக்கர நாற்காலிக்காகப் போட்ட பாதை என்று பலர் நினைக்கிறார்கள். பார்வை குறைந்தவருக்கும் அது நேர்கோடு, கைப்பிடியோடு.

நேரம் முக்கியம். மாலை நடையே நல்லது. கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலின் பக்கம் உதிக்கிறது. தண்ணீரிலும் ஈர மணலிலும் பட்டுத் திரும்பும் கூசல், இருக்கிற பார்வையையும் அழித்துவிடும். நாலரை மணிக்கு மேல் வெயில் ஊர்ப்பக்கமிருந்து விழும். மாலைக்கண் தொல்லை உள்ளவரென்றால் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். விடிகாலைதான் தோதுப்படும் என்பவர்களுக்கு விளிம்பு அகன்ற தொப்பி உதவும்.

"அவரோடு நடந்தால் எல்லோரும் மெதுவாகப் போக வேண்டுமே" என்பது கடைசி ஆட்சேபம். உண்மையில் வேகத்தைக் கெடுப்பது, கையைப் பிடித்து இழுப்பதுதான். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வந்தால், நீங்கள் திரும்புவதும் நிற்பதும் சொல்லாமலே அவருக்குத் தெரியும். பிடிக்க வேண்டுமா, வெள்ளைக்கோலே போதுமா என்பதை அவரிடமே கேளுங்கள். "அதோ பாருங்க" என்பதற்குப் பதில், "இடது கைப்பக்கம், பத்தடியில், கவிழ்த்துப் போட்ட படகு" என்று சொல்லிப் பாருங்கள். கடலோரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை. தண்ணீர்ப் பக்கம் நீங்கள் நடங்கள், கரைப்பக்கம் அவர் வரட்டும். கால் நனைத்தது போதுமா என்று மட்டும் அவர் சொல்லட்டும்.