டிரையரின் 'ஓர்டெட்': அற்புதத்தை எப்படிப் பார்ப்பது?

டென்மார்க் இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் 1955இல் எடுத்த 'ஓர்டெட்' அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. ஆயினும் அதன் இறுதிச் சில நிமிடங்களைப் பற்றிய வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. பிரசவத்தில் இறந்து சவப்பெட்டியில் கிடத்தப்பட்டிருக்கும் இங்கர் என்னும் பெண், பித்தன் என்று வீட்டாரால் கருதப்பட்ட மைத்துனன் யோஹன்னஸ் அழைத்ததும் கண் விழித்து எழுகிறாள். அது கனவென்றோ உருவகமென்றோ படம் எங்கும் குறிப்புக் காட்டுவதில்லை.

நாஜிகளால் 1944இல் கொல்லப்பட்ட லூத்தரன் போதகர் காய் முங்கின் நாடகத்தைத் தழுவிய இக்கதை, 1925இல் மேற்கு யூட்லாந்தின் ஒரு பண்ணை வீட்டில் நிகழ்கிறது. வீட்டுத் தலைவர் மார்ட்டன் போர்கன், இவ்வுலக வாழ்வின் மகிழ்ச்சியையும் இறைவனின் கொடையாகக் கொண்டாடும் குருண்ட்விக் மரபைச் சேர்ந்தவர். அவருடைய கடைசி மகன் மணக்க விரும்பும் பெண்ணின் தந்தையாகிய தையற்காரரோ, பாவ உணர்வையும் மனமாற்றத்தையும் வற்புறுத்தும் 'உள்நாட்டு மிஷன்' இயக்கத்தவர். ஒரே கிறிஸ்துவை வணங்கும் இருவரும் சம்பந்தம் பேச உட்கார்ந்து சண்டையில் முடிக்கிறார்கள். மார்ட்டனின் மூத்த மகனும் இங்கரின் கணவனுமாகிய மிக்கெலுக்கோ இறைநம்பிக்கையே இல்லை.

உயிர்த்தெழும் காட்சியை மறுப்போர் இரு திசைகளிலிருந்து வருகின்றனர். நம்பிக்கையற்ற பார்வையாளர், அடுப்பங்கரையும் கடிகாரமுமாக இரண்டு மணி நேரம் நடப்பியலில் ஊன்றி நின்ற கதை கடைசியில் ஏமாற்றிவிட்டது என்பர். இயற்கை விதி மீறப்பட்டது என்பதைவிடச் சாட்சி தவறியிருக்கலாம் என்பதே எப்போதும் கூடுதலாக நம்பத்தக்கது என்று 1748இல் வாதிட்ட தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் அவர்களுக்குத் துணை நிற்கக்கூடும். எதையும் காட்டவல்ல திரைப்படமோ எதற்கும் சாட்சியாகாது. சமய நம்பிக்கையுள்ளோரிலும் சிலர், காணாததை நம்புவதே விசுவாசம் என்றிருக்க, கண்முன் நிகழ்த்திக் காட்டப்படும் அற்புதம் அந்த விசுவாசத்தையே தேவையற்றதாக்கிவிடுகிறது என்பர்.

இவ்விரு மறுப்பும் வலுவானவையே. ஆனால் படம் கடவுளுக்குச் சான்று தர முற்படுகிறது என்ற ஓர் எண்ணத்தின் மேலேயே இரண்டும் நிற்கின்றன. (சுவீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் 1963இல் எடுத்த 'குளிர்கால ஒளி'யில் கடவுள் மௌனம் காக்கும்போது எவரும் அதற்குச் சான்று கேட்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.) சித்தம் தெளிந்து திரும்பும் யோஹன்னஸ் முதலில் செய்வது அற்புதமன்று, குற்றச்சாட்டு: துக்க வீட்டில் கூடியிருக்கும் விசுவாசிகளில் ஒருவருக்கேனும் இங்கரைத் திருப்பித் தரும்படி இறைவனிடம் கேட்கத் தோன்றவில்லை என்கிறான். அதைத் தெய்வ நிந்தனையாகவே தந்தை கேட்கிறார். உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டு வாழும் ஒரு வீட்டில் அதை உண்மையாகவே எதிர்பார்ப்பது நிந்தனை. எதிர்பார்ப்பவள் இங்கரின் சிறுமகள் ஒருத்திதான். இங்கே சோதிக்கப்படுவது விசுவாசிகளின் விசுவாசம்.

யோஹன்னஸ் டென்மார்க் தத்துவ அறிஞர் கீர்க்கெகார்டைப் படித்தே மனம் பேதலித்தான் என்று படத்தில் சொல்லப்படுவது வெறும் கேலியன்று. 1843இல் 'யோஹன்னஸ்' என்று தொடங்கும் புனைபெயரில் வெளியிட்ட 'அச்சமும் நடுக்கமும்' நூலில் கீர்க்கெகார்ட், மகனைப் பலியிடச் சென்ற ஆபிரகாமின் பெருமை அவனை மறுமையில் சந்திப்போம் என்று ஆறுதல் கொண்டதில் இல்லை, இம்மையிலேயே திரும்பப் பெறுவோம் என்று அறிவுக்கு ஒவ்வாத வகையில் நம்பியதில்தான் இருக்கிறது என்கிறார். அந்த இம்மையையே டிரையர் படமாக்கியிருக்கிறார். இங்கரின் ஆன்மா விண்ணுலகில் இருக்கிறது என்ற தேறுதலுக்கு, அவளுடைய உடலையும் நேசித்தேன் என்று மிக்கெல் விடையளிக்கிறான். எழுந்தவளிடம் ஒளிவட்டம் ஏதும் இல்லை, கணவனை இறுகப் பற்றும் உடற்பசியே இருக்கிறது. அவன் தன் நம்பிக்கையைக் கண்டடைந்ததாகச் சொல்வது மதப் பிரசாரம் என்று சலிப்போர் இந்த அணைப்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

உண்மையான இடர்ப்பாடு வேறோரிடத்தில் இருக்கிறது. எழுந்தவள் முதலில் கேட்பது குழந்தையைப் பற்றி. பிரசவத்தில் அதுவும் இறந்துவிட்டது. குழந்தை கடவுளிடம் உயிரோடு இருக்கிறது என்கிறான் மிக்கெல். தன் மனைவிக்குப் போதாதென்று அவன் தள்ளிய அதே ஆறுதலைக் குழந்தைக்கு மட்டும் அவனால் எப்படி ஏற்க முடிகிறது என்பதற்குப் படத்தில் விடை இல்லை. அற்புதத்தைப் போற்றுவோரும் பழிப்போரும் இக்கேள்வியருகே அதிகம் நிற்பதும் இல்லை.