அச்சு யாருடையது?

ஒருவன் வீட்டுக் குடத்தைத் திருடினால் குடம் இருந்த இடம் காலியாகிவிடுகிறது. குடத்தின் உருவத்தைப் பார்த்து இன்னொரு குடம் வனைந்தால் உடையவனிடம் அவன் குடம் அப்படியே இருக்கிறது. பின்னே, அதைத் திருட்டு என்பது நியாயந்தானா? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது வெறும் தர்க்க விளையாட்டு அல்ல. ஆனால் என்னை இந்த யோசனையில் இழுத்துவிட்டது கதை அல்ல. ஒரு மோட்டார் கார்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில், புரூஸ் மேயர்ஸ் என்று ஒருவர் இருந்தார். படகு கட்டுகிறவர், அலைமேல் பலகையில் சறுக்குவதில் பித்துக் கொண்டவர். 1945-இல் 'பங்க்கர் ஹில்' என்ற யுத்தக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மோதித் தீக்கிரையாக்கியபோது அதில் இருந்து உயிர் பிழைத்தவர். மணல்மேட்டில் ஓட்ட ஒரு வண்டி வேண்டுமென்று, படகு வார்க்கிற ஃபைபர் கிளாஸிலேயே 1964-இல் ஓர் உடலை வார்த்தார். எஞ்சின், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுடையது. கதவு கிடையாது, கூரை கிடையாது. வாலில்லாப் பூனை இனம் ஒன்றின் பெயரைச் சேர்த்து 'மேயர்ஸ் மாங்க்ஸ்' என்று வைத்தார்.

முதல் 12 வண்டிகளுக்குச் செலவு அதிகம் பிடித்தது. பிறகு, பழைய பீட்டிலின் அடித்தளத்தில் 14 அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, மேலே இந்தக் கூட்டை வைத்து, வாங்குகிறவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி செய்தார். 1967-இல் அவரும் ஒரு நண்பரும் மெக்ஸிகோவில் லா பாஸிலிருந்து டிஹுவானாவுக்கு 34 மணி 45 நிமிஷத்தில் ஓட்டி, மோட்டார் சைக்கிள்காரர்களின் சாதனையை முறியடித்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆர்டர்கள் குவிந்தன.

வினையும் அங்கேதான் இருந்தது. ஃபைபர் கிளாஸ் வேலை என்பது, அச்சுக்குள் மெழுகு தடவி, கண்ணாடி இழையை விரித்து, பிசினை ஊட்டி, உறைந்ததும் கழற்றுவது. அச்சுச் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. ஒரு மாங்க்ஸை விலைக்கு வாங்கி, அதன் மேலேயே மெழுகு தடவி அச்சு எடுத்துவிட்டால் தீர்ந்தது. வருஷக்கணக்கில் யோசித்துக் கண்ட வளைவு சில நாளில் அடுத்தவன் கொட்டகையில் இருக்கும். மூலத்தில் ஒரு கீறல் இருந்தால் அதுவும் கூடவே போகும். மேயர்ஸ் பேட்டன்ட் வாங்கியிருந்தார், வழக்குத் தொடுத்தார், அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 'டவ்ட்', 'எஸ். ஆர்.' என்று புதுப்புது ரூபங்கள் செய்து பார்த்தும், 1971-இல் கம்பெனியை மூடினார்கள். அவர் செய்தது ஐந்தாறாயிரம். நகல்கள் இரண்டரை லட்சம் இருக்கும் என்று மதிப்பிடுகிறவர்கள் உண்டு. 2014-இல் அமெரிக்கச் சரித்திர வாகனப் பதிவேட்டில் அவருடைய முதல் வண்டியைச் சேர்த்தார்கள். 2021-இல், 94 வயதில் காலமானார்.

இதைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. நீதிபதியையே திட்டினேன். அப்புறம் மெள்ள ஒரு சந்தேகம். அடித்தளமும் எஞ்சினும் ஜெர்மானியர்களுடையவை. பீட்டிலை உரித்து மணலில் ஓட்டுவதை மேயர்ஸுக்கு முன்பே சிலர் செய்திருக்கிறார்கள். அவருடையது என்று எஞ்சுவது அந்த வளைவு ஒன்றுதான். அது போதும் என்று என் மனசு சொல்கிறது. ஆனால் எனக்கு இதில் சொந்த வழக்கு உண்டாகையால் என் மனசை நம்புவதற்கில்லை.

என் முதல் பரிசுக் கதையை ஒரு நாடகக் குழு, பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றி மேடையேற்றியது. வக்கீலான சிநேகிதரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கதை உன்னுடையதுதானே?" என்று சம்பிரதாயமாகக் கேட்டார். "ஆமாம்" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அது என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதை. நடையும் முடிவும் என்னுடையவை. நடந்தது அவள் அறிந்த குடும்பத்தில். பத்திரிகை வந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தன் பேர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. "ஏண்டா, நான் சொன்னதிலே ஒரு பசுமாடு வருமே, அதை ஏன் விட்டுட்டே?" என்றுதான் கேட்டாள்.

அந்த நாடகத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதிலும் பசுமாடு இல்லை.