வைத்தியர் இருவர் மாறுபடக் கூறின்

ஒரு நோய்க்கு ஒரு வைத்தியர் ஒரு சொற் சொல்லும்போது நோயாளிக்கு நோய்த்துன்பம் ஒன்றே உளது. அந்நோய்க்கே இரு வைத்தியர் இரு சொற் சொல்லும்போது ஐயத்துன்பமும் வந்து கூடுகின்றது. காய்ச்சல், இருமல் முதலிய சிறு பிணிகளில் இவ்வையம் பெரிதன்று. ஒரு மருந்து பலியாதாயின் வேறொன்றை உண்ணலாம். புற்றுநோயிலோ எடுத்த முடிவை மீட்டுக்கொள்ளுதல் அரிது. அறுத்த உறுப்பு மீளாது. கழிந்த காலமும் மீளாது. ஆதலின், அறிவுடையார் இருவர் முரண்படக் கூறுமிடத்து அவ்வறிவில்லாத நாம் யாரை நம்புவது, எதனைக்கொண்டு துணிவது என்னும் வினா வைத்திய நூல் வினா மாத்திரமன்று, அறநூல் வினாவுமாம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் இல்லத்து நிகழ்ச்சியே. எம் தமக்கையார் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாழ்பவர். அவருக்கு மார்பில் ஒரு கட்டி தோன்றியது. ஊசியாற் சிறிது தசையெடுத்துச் சோதித்ததிற் புற்றெனத் தெரிந்தது. முதலிற் கண்ட சத்திரசிகிச்சை வைத்தியர், மார்பு முழுவதையும் நீக்குதல் வேண்டும் என்றார். இரவுப் புகையிரதத்திற் கொழும்புக்கு அழைத்துச் சென்று காட்டிய மற்றொருவர், கட்டியையும் அதனைச் சுற்றிய சிறிது தசையையும் நீக்கிப் பின் கதிர்ச்சிகிச்சை செய்தால் அமையும் என்றார். ஊர் திரும்பியபோது அயலூர்ப் பரியாரியார் ஒருவர், கத்தி பட்டாற் புற்றுப் பரவும், தம் எண்ணெயே போதும் எனச் சொல்லியனுப்பினார். நோய் ஒன்று, சொல் மூன்று.

மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையிற் கற்றவராதலின், இரு கட்சியையும் கேட்டுத் தீர்ப்புரைக்கும் விவாதசபைப் பழக்கம் எமக்கு உண்டு. அப்பழக்கமே எம்மைப் பிழைவழிச் செலுத்திற்று. யாமும் எம் இளவலும் தமக்கையாரின் மக்களும் திண்ணையிலிருந்து ஆறு வாரம் வழக்காடினோம். தமக்கையாருக்கோ நோயின் பெயரையே சொல்லாது, சிறு கட்டியென மறைத்திருந்தோம். ஒருநாள் மாலை அவர் வாயிற்படியில் வந்து நின்று, “தம்பி, என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். வெட்டப்போவது என் உடம்பை. என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் யாருக்காக எல்லாரும் வழக்காடுகிறீர்கள்?” என்றார். யாம் விடையொன்றும் கூற இயலாது தலைகுனிந்தோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கெனக் கூறப்படுகின்றன: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுவோர். இவற்றுள் நோயாளியே முதலில் வைத்து எண்ணப்படுதல் காண்க. மாணவர்க்கு அக்குறளைப் பல்லாண்டு கற்பித்த யாம், எம் வீட்டில் நான்காமவரை முதல்வராக்கி, முதல்வரை வாயிற்படிக்கு அப்பால் நிறுத்தினோம்.

இனி, மாறுபாட்டின் இயல்பை நோக்குவாம். வைத்தியர் தம்முள் மாறுபடுவதெல்லாம் ஒரு தன்மையதன்று. அது மூவகைப்படும்.

முதலாவது, நோய் இன்னதென்பதிலுள்ள மாறுபாடு. ஒருவர் கண்ட ஸ்கேன் படத்தை மற்றவர் காணாதிருத்தல் கூடும். ஒரே தசைத்துண்டை இருவர் நோக்கி இருவேறு முடிவுக்கு வருதலும் உண்டு. இம்மாறுபாட்டை வழக்காடித் தீர்த்தல் இயலாது; மீளவும் சோதித்தே தீர்த்தல் வேண்டும். ஆதலின், பத்திரங்கள் யாவற்றையும் ஒன்றுசேர்த்து இருவர்க்கும் காட்டி, வேண்டுமாயின் அதே கண்ணாடித் தகட்டைப் பிறிதொரு நோயியல் வைத்தியரும் நோக்குமாறு கேட்டல் தகும். இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தாம் பேசுகின்றனரா என்பதனை அறியுமுன் யார் சொல் மெய்யென ஆராய்தல் வீண்.

இரண்டாவது, சிகிச்சையின் பயனைப் பற்றிய மாறுபாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வைத்தியர் ஹால்ஸ்டெட் என்பவர், மார்பையும் அதன்கீழுள்ள தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையைப் பரப்பினார். பல தலைமுறையாக அதுவே சரியான முறையென உலகமெங்கும் கொள்ளப்பட்டது. அத்துணை அறுத்தல் வேண்டுமா என ஐயுற்றாரும் இருந்தனர். அவ்வழக்கைத் தீர்த்தது யாது? மூத்தோர் சொல்லன்று, பெரும்புகழன்று, ஒப்பிட்டு எண்ணிய கணக்கே. இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி என்பார், 1973 முதல் 1980 வரை சிறிய புற்றுடைய 701 பெண்களைக் குலுக்கல் முறையால் இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு மார்பையும் தசையையும் முழுதும் நீக்கியும், மறு கூற்றார்க்கு மார்பின் ஒரு பகுதியை நீக்கிக் கதிர்ச்சிகிச்சை செய்தும் நோக்கினார். இருபதாண்டு கழித்து 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவில் இரு கூற்றார்க்கும் இறப்பு வீதம் ஒத்திருந்தது. அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷர் என்பார் நடத்திய ஆய்வும் இவ்வாறே கண்டது. ஆதலின், வைத்தியர் மாறுபடுமிடத்து, “எவர் பெரியவர்?” என்று கேளாது, “இதனை ஒப்பிட்டுப் பார்த்தவர் உளரா? கண்டது யாது?” என்று பணிவோடு கேட்டல் வேண்டும். நல்ல வைத்தியர் இவ்வினாவுக்குச் சினவார்.

மூன்றாவது, பயன் இன்னதென ஒத்துக்கொண்ட பின்னும் எப்பயன் விரும்பத்தக்கது என்பதில் எழும் மாறுபாடு. பிரித்தானியாவில் புரஸ்தசுரப்பிக்குள் அடங்கிய புற்றுடைய 1,643 ஆடவரை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றார்க்குச் சத்திரசிகிச்சையும் மற்றொரு கூற்றார்க்குக் கதிர்ச்சிகிச்சையும் செய்து, எஞ்சியோரை மருந்தின்றிக் கண்காணித்தனர். பதினைந்தாண்டு கழிந்து 2023ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, மூன்று கூற்றிலும் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே அந்நோயால் இறந்தனர். வேறுபட்டன பக்கவிளைவுகளே. ஒன்றில் சிறுநீரை அடக்க இயலாமை மிகுதி. மற்றொன்றில் குடல் உபாதை மிகுதி. கண்காணிப்பில் நோய் பரவுதல் சற்று மிகுதி. இவற்றுள் எதனைப் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்பதனை எந்த வைத்தியர் சொல்ல வல்லார்? அவ்வுடம்பில் வாழ்பவர் ஒருவரே வல்லார்.

இவ்வகுப்பைக் கொண்டு நோக்கினால், எம் தமக்கையாரின் வைத்தியர் இருவரும் உண்மையில் முரண்படவில்லை என்பது தெளிவாம். இருவர் வழியும் உயிர்காக்கும் வழியே. முன்னவர் ஒரு வழியின் நலத்தையும் பின்னவர் மற்றதன் நலத்தையும் முன்வைத்தனர். பரியாரியார் சொல்லோ அவ்வினத்ததன்று. அது ஒப்பிட்டுக் கண்டதன்று, அச்சத்தின்மேல் எழுந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடலெங்கும் பரவாத புற்றிருந்தும் வழக்கமான சிகிச்சையை விலக்கி மாற்று மருத்துவம் ஒன்றையே கொண்ட 281 பேர்க்கு, இறக்கும் அபாயம் ஏனையோரினும் இரண்டரை மடங்காயிருந்தது. இதனால் நம் சித்த வைத்தியத்தை இகழ்ந்தேம் அல்லேம். வாய்ப்புண், பசியின்மை முதலியவற்றைத் தணிக்க, சிகிச்சை செய்யும் வைத்தியர் அறிய அதனைக் கொள்ளுதல் வேறு. பரவுமுன் அகற்றத்தக்க புற்றை எண்ணெயிட்டு வளரவிடுதல் வேறு.

இந்நிலையில் அன்பர் சிலர், இரமண மகரிஷிகள் சத்திரசிகிச்சையை விலக்கினாரன்றோ, யாம் ஏன் உடன்படல் வேண்டும் என வினவுவர். அவ்வரலாறு நம் பொருளுக்கு மிக அணித்தாதலின் அதனை முழுதும் நோக்குதல் தகும்.

திருவண்ணாமலையில் 1948ஆம் ஆண்டின் இறுதியில் மகரிஷிகளின் இடக்கை முழங்கையருகே ஒரு சிறு முடிச்சுத் தோன்றியது. 1949 பெப்ரவரியில் அதனை அகற்றினர். அது விரைவில் மீண்டு முன்னையினும் பெரிதாக வளர்ந்தது. மார்ச்சில் மீளவும் அகற்றினர். சார்க்கோமா என்னும் கொடிய புற்றெனத் தெரிந்தது. ரேடியம் வைத்தனர். கையையே துணித்தல் வேண்டும் என்று வைத்தியர் கருதினர். அதற்கு மகரிஷிகள் இசைந்திலர். ஹோமியோபதியர் வந்தனர், ஆயுர்வேதத்தார் வந்தனர், மூலிகை கொணர்ந்தாரும் உளர். ஒவ்வொருவரும் தத்தம் முறையையே வேண்டி நின்றனர். 1949 டிசம்பர் 19ஆம் நாள் நான்காம் முறையும் சத்திரசிகிச்சை நடந்தது. 1950 ஏப்பிரல் 14ஆம் நாள் அவர் உடல் நீங்கினார்.

ஆகவே, அவர் சத்திரசிகிச்சையை விலக்கினார் என்பது பிழை. நான்கு முறை இசைந்தார். விலக்கியது கையைத் துணித்தல் ஒன்றையே. ஏனையவற்றில் தமக்கென ஒரு விருப்பமும் கொள்ளாது, அடியார் மனம் நோகாதபடி வந்தவற்றை ஏற்றார். உடம்பைத் தாமென எண்ணாத துறவிக்கு அது தகும். பிள்ளைக்கு உணவும் முதியோர்க்குத் துணையும் கடப்பாடாக உடைய இல்லறத்தார்க்கு, யாவர் எம்மருந்து கொணரினும் ஏற்றல் தகாது. அவர் மறுத்தலில் அச்சமில்லை, அறியாமையுமில்லை. மறுப்பது இன்னதெனவும் அதன் விளைவு இன்னதெனவும் அறிந்து மறுத்தார். நாம் அவரைக் காட்டிக் கத்திக்கு அஞ்சி மறுப்போமாயின், அவர் செயலைக் கொண்டோமல்லேம். எம் அச்சத்துக்கு அவர் பெயரைப் போர்த்தினோம்.

பிறிதொன்றும் அறியற்பாலது. கையைத் துணிப்பதா, காப்பதா என்னும் அவ்வழக்கை ஒரு தலைமுறை கழிந்தபின் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் சோதித்தனர். கைகால்களிற் சார்க்கோமா உடைய 43 பேருள் 16 பேர்க்கு உறுப்பை நீக்கியும், 27 பேர்க்கு உறுப்பைக் காத்து, புற்றை அகற்றிக் கதிர்ச்சிகிச்சை செய்தும் பார்த்தனர். 1982இல் வெளியான முடிவில், உறுப்பைக் காத்தோருள் நால்வர்க்கு நோய் அவ்விடத்திலேயே மீண்டது. ஆயினும் இரு கூற்றார்க்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. 43 என்பது சிறு தொகையே. இதனைக்கொண்டு 1949இல் கையைத் துணிக்கச் சொன்னார் அறிவிலர் என்றல் அடாது. அவர் தம் காலத்துக் கிடைத்த அறிவைக்கொண்டு மொழிந்தனர். வைத்தியர் சொல் அக்காலத்து அறிவின் எல்லையுட்பட்டது என்பதனையே இது காட்டுகின்றது. எல்லையுடையதென்பதால் அது பயனற்றதாகாது. அதனினும் நல்லதொன்று கிடைக்கும்வரை அதுவே நமக்கு ஊன்றுகோல்.

அற்றேல், நோய் வினைப்பயனாதலின் வைத்தியர் சொல்லை ஆராய்தல் எற்றுக்கு என்பாரும் உளர். பசியும் உடம்போடு வந்ததே. அதற்காக அடுப்பை அணைப்பார் யார்? நோயை நுகர்வித்த வினையே மருந்தையும் மருத்துவரையும் எதிர்ப்படுத்தியது எனக் கொள்ளலாகாதோ? நாவுக்கரசர் பெருமானின் சூலை நீங்கிய வரலாறு இறைவன் ஆட்கொண்ட வரலாறு. வைத்தியத்தை விலக்கும் விதியன்று. நீறணிந்து சத்திரசிகிச்சைக் கூடத்துட் புகுதற்குத் தடை யாது?

ஆகவே, செய்யத்தக்கவை சிலவே. நோயாளிக்கு உண்மையை அவர் தாங்கும் அளவறிந்து சொல்லுக. இரு வைத்தியரிடத்தும் ஒரே வினாக்களை வினவுக: நோய் எந்நிலையில் உளது? இச்சிகிச்சையாற் பெறுவது குணமா, ஆயுள் நீட்சியா, வலித்தணிப்பா? இழப்பது யாது? ஒன்றும் செய்யாதொழியின் யாதாகும்? முடிவு செய்ய எத்தனை நாள் பொறுக்கலாம்? விடைகளை அவ்விடத்தே எழுதிக்கொள்க. ஒருவர் கருத்தை மற்றவர்க்கு மறையாது உரைக்க. சத்திரசிகிச்சை வைத்தியரும் கதிர்ச்சிகிச்சை வைத்தியரும் நோயியல் வைத்தியரும் ஒருங்கிருந்து ஆராயும் கூட்டம் உள்ள வைத்தியசாலையாயின், தம் நோயை அக்கூட்டத்தில் வைக்குமாறு வேண்டுக. இரண்டாம் கருத்துக் கேட்டல் நன்று. தமக்கு இனிய சொல் வரும்வரை மூன்றாமவரையும் நான்காமவரையும் தேடுதல் கருத்துக் கேட்டலன்று, காலங்கழித்தலே.

வாயிற்படியில் நின்று வினவிய தமக்கையாரிடம் மறுநாள் எல்லாம் எடுத்துரைத்தோம். அவர் கால் நாழிகை சிந்தித்திலர். கதிர்ச்சிகிச்சைக்குப் பல வாரம் நாள்தோறும் செல்லல் வேண்டும். அவர் கணவரோ பாரிசவாதத்தாற் படுக்கையிலிருப்பவர். “இரண்டு வழியும் உயிருக்கு ஒன்றென்றால், நான் வீட்டுக்குக் கெதியில் திரும்பும் வழியே எனக்கு வேண்டும்” என்று முழு நீக்கத்துக்கு இசைந்தார். வேறொரு பெண் மற்றைய வழியை விரும்பியிருப்பாள், அதுவும் செவ்விதே. ஆறு வாரம் எம்மால் தீராத வழக்கு, உரியவரைக் கேட்டவுடன் தீர்ந்தது.

ஆண்டு ஐந்தாகின்றது, அவர் நலமாயுள்ளார். ஆயினும் அந்நலத்தை அம்முடிவின் செம்மைக்குச் சான்றாகக் காட்டேம். எம்மோடு கற்பித்த ஆசிரியர் ஒருவர் எம்மினும் நன்கு ஆராய்ந்து, நல்ல வைத்தியரைக் கேட்டு, காலந்தாழ்த்தாது சிகிச்சை பெற்றும் இறந்தார். அவர் மனைவியார், மற்றைய வைத்தியர் சொல்லைக் கேட்டிருந்தால் என்று இன்றும் கண்ணீர் வடிக்கின்றார். அவர்க்கு யாம் சொல்வது இதுவே: பயிர் விளையாமை உழவின் குற்றமாதல் எப்பொழுதும் இல்லை. அன்று அறியத்தக்கதை அறிந்து, உரியவரைக் கேட்டு, அச்சமும் ஆசையும் நீங்கித் துணிந்தீர்களாயின் நும் கடன் முடிந்தது. விளைவு நம் கையில் இல்லை. ஆராய்ந்து துணிதலும் நோயாளியை வாயிற்படிக்கு அப்பால் நிறுத்தாமையுமே நம் கையில் உள்ளன.